குழாய்க்குள் ஒரு சாமந்தி

“உள்ள ஒண்ணுமே இல்லையே மேடம்?”

செம்புக் குழாயின் ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார் ஏகாம்பரம்.

“நல்லாப் பாருங்க அண்ணா.”

நன்றாகத்தான் பார்த்தார். குழாயின் மறுமுனையில் ஒரு கண் தெரிந்தது. அது இமைத்தது.

“உங்க கண்ணுதான் தெரியுது.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.”

“அப்ப நல்ல குழாய்,” என்றாள் தில்ஷாத். குழாயைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

முதல் நாள் பாடம் அவ்வளவுதான். ஏகாம்பரத்துக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.



குரு என்றால் மலை உச்சியில் இருக்க வேண்டும் என்பது நம்மவர்கள் எண்ணம். அந்த ஒன்றில் மட்டும் இங்கே குறை இல்லை. ஆனைக்கல் மலையின் உச்சியில்தான் தில்ஷாத் இருந்தாள். மற்றபடி தாடி கிடையாது, காவி கிடையாது. நீல ஸ்வெட்டர், தலையைச் சுற்றிய துப்பட்டா, இடுப்பு பெல்ட்டில் இரண்டு ஸ்பேனர். வாணியம்பாடிப் பெண். வயது முப்பத்து மூன்று. உச்சியில் இருக்கும் மைக்ரோவேவ் நிலையம் முழுக்க அவள் பொறுப்பு.

சீடருக்கு வயது ஐம்பத்தேழு. முப்பத்திரண்டு வருஷம் தெருத் தெருவாக ஒயர் இழுத்தவர். ஒயர் இருந்தால் கரண்ட் வரும், ஒயர் அறுந்தால் கரண்ட் போகும். உலகத்தில் அதைவிடத் தெளிவான விஷயம் ஒன்று உண்டா என்று கேட்கிற ஆள்.

அந்த ஆளைக் கொண்டுவந்து இந்தக் குழாய் முன்னால் நிறுத்தியிருந்தது விதி.

விஷயம் இதுதான். கீழே ஊரிலிருந்து போன் பேச்செல்லாம் காற்றில் ஏறி மலை உச்சிக்கு வரும். கோபுரத்தில் இருக்கும் பெரிய வட்டத் தட்டு ஒன்று அதைப் பிடிக்கும். அறைக்குள் இருக்கும் பெட்டிகள் அதற்குத் தெம்பு ஏற்றும். பிறகு அது ஒரு செம்புக் குழாய் வழியாகக் கோபுரத்தில் ஏறி, இன்னொரு தட்டிலிருந்து மலைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தாக்குக்குப் போகும். அந்தக் குழாய்க்குத்தான் வேவ்கைடு என்று பெயர். வாய் வட்டமாக இருக்காது, தீப்பெட்டியின் பக்கவாட்டு போல நீள்சதுரமாக இருக்கும். உள்ளே ஒயர் இல்லை, கம்பி இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

“ஒண்ணும் இல்லாத குழாயில என்னா போவும்?” என்று ஏகாம்பரம் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு இரண்டு நாள் தூக்கம் கெட்டார்.



அவர் இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர். காரணம், பள்ளத்தாக்கில் இருக்கும் ஈச்சங்காடு. நாளுக்கு இரண்டே பஸ் போகிற ஊர். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருடைய ஒரே மகள் சுகந்தி நர்ஸாக இருந்தாள்.

அவர் மனைவி முத்தம்மாள் இறந்து பதினோரு மாசம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் சுகந்திதான் பக்கத்தில் இருந்தாள். ஏகாம்பரம் வெந்நீர் வாங்க கேன்டீனுக்குப் போயிருந்தார். பிளாஸ்க்கோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் ரேடியோவை அவர் அணைத்ததே இல்லை. வெறுமை என்றால் அவருக்கு ஆகாது. காலி அறை, காலி நாற்காலி, எதைக் கண்டாலும் நெஞ்சு அடைக்கும். ஏதாவது பேசுவார், எதையாவது கொண்டுபோய் அங்கே வைப்பார்.

சுகந்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு போன் செய்வாள். ஒரு நிமிஷம், அதிகம் போனால் ஒன்றரை. கட்டாகிவிடும்.

“லைன்ல கோளாறு மேடம். அதைச் சரி பண்ணத்தான் வந்தேன்,” என்றார் ஏகாம்பரம்.

தில்ஷாத் நிலையத்துப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். ஞாயிறு, காலை பத்து மணி. ஒரு வாரம்கூட ஈச்சங்காட்டு லைன் விழுந்ததாக அதில் இல்லை.

“போன்ல என்ன பேசுவீங்க அண்ணா?”

“அப்பன் என்னா பேசுவான்? சாப்பிட்டியா, சிலிண்டர மூடினியா, தண்ணிய காய்ச்சிக் குடி, டூட்டிக்குத் தனியாப் போவாத, ஸ்வெட்டர் போடு, அங்க பாம்பு ஜாஸ்தி டார்ச்சு வச்சிக்க, பீரோ சாவி பத்திரம், போன வாரம் சொன்ன மாத்திரைய வாங்கினியா... மூச்சு விடாம சொல்லிடுவேன் மேடம். லைன் எப்பக் கட்டாவுமோன்னு பயம்.”

“அவங்க என்ன சொல்வாங்க?”

“‘சரிப்பா’ம்பா. அப்படியே கட்டாயிடும்.”

தில்ஷாத் பதிவேட்டை மூடினாள். அவருடைய டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.



“ஒயர் இல்லாம எப்படி மேடம் போவுது?”

இது இரண்டாவது வாரம். மனுஷர் விடுவதாக இல்லை.

தில்ஷாத் ஒரு வளைந்த குழாய்த் துண்டை அவர் கையில் கொடுத்தாள். முழங்கை மடக்கினது போல வளைவு. ஒரு முனையில் இவள் டார்ச் அடித்தாள்.

“தெரியுதா?”

“வெளிச்சம் தெரியுது. டார்ச்சு தெரியல.”

“நடுவுல வளைவு இருக்கே. வெளிச்சம் எப்படி வந்துச்சு?”

ஏகாம்பரம் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சுவத்துல பட்டுப் பட்டு வந்திருக்கும்.”

“அப்புறம் என்ன?” என்றாள்.

“அப்ப சுவருதான் ஒயரா?”

அவள் சிரித்துவிட்டாள். “ஒயர விடவே மாட்டீங்களா அண்ணா?”

“இல்ல மேடம், நடுவுல மெல்லிசா ஒண்ணு போட்டா இன்னும் நல்லாப் போவுமே?”

“நடுவுல எதை வச்சாலும் அது கொஞ்சம் தின்னும். நம்மகிட்ட இருக்கிறதே துளியூண்டு சிக்னல். யாருக்கும் பங்கு குடுக்க முடியாது.”

அவர் தலையாட்டினார். புரியவில்லை என்பதற்கு அவர் ஆட்டுகிற ஆட்டு அது. தில்ஷாத்துக்கு அதற்குள் அது பழகியிருந்தது.



இன்னொரு நாள் சோதனை மேஜையில் அவரையே பூட்டிப் பார்க்கச் சொன்னாள். ஒரு பக்கம் சிக்னல் தரும் பெட்டி, மறுபக்கம் மீட்டர், நடுவே குழாய். முள் நன்றாக மேலே நின்றது. பிறகு பாதி அகலமுள்ள ஒரு சின்னக் குழாயை எடுத்துக் கொடுத்தாள். பூட்டினார். முள் விழுந்துவிட்டது.

“அடைப்பு மேடம்.”

“கழட்டிப் பாருங்க.”

கழற்றிப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. தூசி கூட இல்லை.

“இதுவும் காலியாத்தானே இருக்குது?”

“காலிதான். ஆனா அலை பெருசு அண்ணா. இந்த வாயில அதுக்கு இடம் பத்தல.”

“சரி, இடம் பத்தலன்னா கொஞ்சம் ஒடுங்கி வரக்கூடாதா?”

“வராது. அப்படியே நின்னுடும்.”

ஏகாம்பரம் சின்னக் குழாயை முறைத்துப் பார்த்தார். ஒரு அலைக்கு இத்தனை வீம்பா என்று தோன்றியது அவருக்கு.

அறையின் மூலையில் ஒரு சின்ன மெஷின் நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். அது எதற்கு என்றும் கேட்டார்.

“குழாய்க்குள்ள காத்து அனுப்புது. ஈரமில்லாத காத்து.”

“காலியா இருக்கிற குழாய காலியாவே வச்சிருக்க ஒரு மெஷினா?”

“இங்க பெரிய வேலையே அதுதான். பனி, ஈரம், எறும்பு, ஏதாவது ஒண்ணு உள்ள வந்து உக்காரப் பாத்துக்கிட்டே இருக்கும்.”

ஏகாம்பரத்துக்கு அந்தக் குழாயை நினைத்தால் பாவமாக இருந்தது. இருபத்து நாலு மணி நேரமும் வெறுமனே கிடக்க வேண்டும், அதற்குக் காவல் வேறு. சில சமயம் யாரும் பார்க்காதபோது அதைத் தட்டிக் கொடுப்பார். தில்ஷாத் பார்த்திருக்கிறாள். பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.



அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ஏகாம்பரம் சிலிண்டரில் ஆரம்பித்து பாம்பு வரைக்கும் வந்திருந்தார். சுகந்தி குறுக்கே பேசினாள். அவள் குறுக்கே பேசுகிற பெண்ணே அல்ல.

“அப்பா, ஒரு நிமிஷம். அடுத்த ஞாயித்துக்கிழமை நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்காவது என்னச் சொல்ல விடுங்க. இல்லன்னா அம்மா திவசத்துக்கு நான் வரல.”

கட்டாகிவிட்டது.

ஏகாம்பரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தார். தில்ஷாத் கோபுரத்தடியில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“பாத்தீங்களா மேடம்? லைன் அவ்ளோ மோசம். பேச விட மாட்டேங்குதுன்னு பொண்ணு வெறுத்தே போயிட்டா. திவசத்துக்கே வர மாட்டாளாம்.”

“லைன்...” என்று ஆரம்பித்தாள் தில்ஷாத்.

“அவ வரலன்னா முத்தம்மா என்ன மன்னிக்கவே மாட்டா மேடம். தலைத் திவசம். பெத்த பொண்ணு இல்லாம எப்படி?”

அவர் குரல் உடைந்தது. மலை ஏறி வந்ததிலிருந்து அவர் அழுது தில்ஷாத் பார்த்ததில்லை. கையில் இருந்த புல்லைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

“அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு லைன் கண்ணாடி மாதிரி இருக்கும் அண்ணா. நான் பொறுப்பு.”

சொன்னதோடு நிற்கவில்லை. மழைக்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு தடவை குழாயின் இணைப்புகளில் ரப்பர் வளையம் மாற்றுவார்கள். அதை முன்னுக்கு இழுத்துச் சனிக்கிழமையே வைத்துக்கொண்டாள். மதியம் இரண்டு மணிக்கு லைனை நிறுத்தி, ஐந்து மணிக்கு விடுவதாக ஏற்பாடு. அந்தச் சனிக்கிழமை ஆயுத பூஜையாகவும் அமைந்துவிட்டது.

“நல்லதாப் போச்சு,” என்றார் ஏகாம்பரம். “எப்படியும் எல்லாத்தையும் கழுவித் துடைக்கணும்.”



சனிக்கிழமை ஏகாம்பரத்தின் நாள். அன்றைக்கு அவர்தான் குரு.

காலையிலேயே கீழே போய்ப் பொரி, கடலை, வாழைப்பழம், சாமந்திப் பூ எல்லாம் வாங்கி வந்துவிட்டார். மேஜை மேல் சரஸ்வதி படம் வைத்தார். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், மீட்டர், காற்று மெஷின், தில்ஷாத்தின் ஸ்கூட்டர், டீ வடிகட்டி, எதையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு பூ.

“என் ஹெல்மெட்ட விட்டுட்டீங்களே?” என்றாள் தில்ஷாத்.

“ஐயோ,” என்று ஓடிப்போய் அதற்கும் வைத்தார்.

வளையங்கள் மாற்றி முடிந்திருந்தன. அறைக்குள் இருக்கும் ஒரே ஒரு இணைப்பு மட்டும் இன்னும் திறந்திருந்தது. நாலு மணிக்கு மணி அடித்துக் கற்பூரம் காட்டினார். தில்ஷாத் கையேந்திப் பொரி வாங்கிக்கொண்டாள். ஒரு பிடியை வாயில் போட்டுக்கொண்டே கோபுரத்து போல்ட்டுகளைச் சரிபார்க்க வெளியே போனாள்.

“அதை மூடிடுங்க அண்ணா. துடைச்சுட்டு மூடுங்க.”

ஏகாம்பரம் துடைத்தார். ஸ்பேனரைக் கையில் எடுத்தார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. அறையில் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தது. டீ வடிகட்டிகூடப் பூ வைத்துக்கொண்டிருந்தது. இந்தக் குழாய் மட்டும் வெறும் வாயோடு.

நாளைக்கு சுகந்தி பேச்சு இதன் வழியாகத்தான் வர வேண்டும். பண்டிகை நாளும் அதுவுமாக இதை மட்டும் வெறுமையாக விட அவருக்கு மனசு வரவில்லை.

நல்ல ஈரமான சாமந்தி ஒன்றை எடுத்தார். காம்பைக் கிள்ளினார். அடியில் கொஞ்சம் சந்தனம் தடவி, குழாயின் வாய்க்குள் ஒட்டி வைத்தார். “தாயே, எம் பொண்ணப் பேச வையி,” என்றார். எட்டு போல்ட்டையும் சுத்தமாக முறுக்கி மூடினார்.



ஐந்து மணிக்கு லைனை விட்டார்கள். மீட்டர் முள் பாதிக்கு வந்து நின்றது. நடுங்கியது. ஈச்சங்காடு வரும், போகும், வரும், போகும்.

தில்ஷாத்தின் முகம் மாறியது.

“அனுப்புறது திரும்பி வருது அண்ணா. வழியில எங்கயோ ஏதோ உக்காந்திருக்கு.”

“திரும்பி யாருக்கு வருது?”

“அனுப்பினவங்களுக்கேதான்.”

காற்றில் ஆடுகிற இடம் என்பதால் முதலில் கோபுரத்து உச்சியைச் சந்தேகப்பட்டாள். ஏறினாள். இரண்டு இணைப்பு பார்ப்பதற்குள் பனி இறங்கிவிட்டது. எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. காலையில் பார்ப்போம் என்று இறங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மறுபடி ஏறினாள். மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, பார்த்து, மூடிக்கொண்டு வந்தாள். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏகாம்பரம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தார். ஏழு. எட்டு. பூவின் நினைவே அவருக்கு வரவில்லை. பாம்பு, எலி, பெருச்சாளி எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒரு பூ கெடுதல் செய்யும் என்று நினைக்கிற மனசு அல்ல அது.

எட்டே முக்காலுக்குத் தில்ஷாத் இறங்கி வந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தன.

“மேல எல்லாம் சுத்தமா இருக்கு. அறைக்குள்ள இருக்கிற ஒண்ணுதான் பாக்கி.”

“அது நான் மூடினது மேடம். நல்லாத் துடைச்சேன். துடைச்சு...”

நின்றார்.

அவர் முகம் வெளுத்துப்போனது. ஸ்பேனரை அவரே எடுத்தார். அவசரத்தில் முதல் போல்ட்டே கழல மறுத்தது. தில்ஷாத் வாங்கிக் கழற்றினாள்.

சாமந்தி வாடி, ஓரம் பழுத்து, வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

“நான்தாம்மா,” என்றார் ஏகாம்பரம். மேடம் எல்லாம் மறந்துபோய்விட்டது. “நேத்துலேர்ந்து நீ மேல இல்லாததத் தேடின. நான்தான் வச்சேன்.”

தில்ஷாத் பூவை மெதுவாக எடுத்தாள்.

“எதுக்கு அண்ணா வச்சீங்க?”

“வெறுமையா இருந்துச்சும்மா. பாக்கப் பாவமா இருந்துச்சு. எம் பொண்ணு பேச்சு வர வழியாச்சே.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். நன்றாகத் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மேஜையருகே போனாள். அந்த வாடின பூவை சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்தாள். திரும்பி வந்து ஸ்பிரிட் பாட்டிலையும் துணியையும் அவர் கையில் கொடுத்தாள்.

“துடைங்க.”

துடைத்தார். சந்தனம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு துணி மாற்றித் துடைத்தார். தில்ஷாத் குழாயின் அந்தத் துண்டைக் கழற்றித் தூக்கிப் பிடித்தாள்.

“என்ன தெரியுது?”

“கலங்கலா இருக்கும்மா. இன்னும் போவல.”

“குழாய் இல்ல அண்ணா. கண்ணத் துடைச்சுட்டுப் பாருங்க.”

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“உங்க கண்ணு.”

“வேற?”

“ஒண்ணும் இல்ல.”

“மூடுங்க.”



முள் ஒரே தூக்கில் மேலே போய் அசையாமல் நின்றது. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். இரண்டு பக்கமும் பேனாவால் எழுதி நிரப்பியிருந்தது. போன் ஒரு நிமிஷத்தில் கட்டாகிவிட்டால் எதுவும் விட்டுப்போகக் கூடாதே என்று வாரம் முழுக்க யோசித்து எழுதியது. முதல் வரியில் சிலிண்டர் இருந்தது. உதடு அசைய மனப்பாடம் செய்யத் தொடங்கினார்.

“என்ன அண்ணா அது?”

“பொண்ணுகிட்டச் சொல்ல வேண்டியது. லைன் நல்லா இருக்குதுல்ல, இன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிடலாம்.”

தில்ஷாத் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார்.

வாசிப்பாள் என்று நினைத்தார். அவள் வாசிக்கவில்லை. தாளைச் சுருட்டினாள். விரல் நுழைகிற அளவுக்கு வாய் விட்டுச் சுருட்டினாள். அதை ஒரு கண்ணில் வைத்து அவரைப் பார்த்தாள்.

கண் இமைத்தது.

பிறகு அந்தச் சுருளை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு, டீ டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் போனாள்.

ஏகாம்பரம் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன பெண் இது, மனுஷன் இருக்கிற பதற்றத்தில் விளையாடிக்கொண்டு என்று கோபம்கூட வந்தது. பிரிக்கப் போனார். பிரிக்கவில்லை. அவள் செய்தது போலவே கண்ணில் வைத்துப் பார்த்தார். ஜன்னல் தெரிந்தது. அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு. கழுவிவிட்டாற்போல் வெயில். ஈச்சங்காட்டு சுகாதார நிலையத்தின் தகரக் கூரை ஒரு புள்ளியாக மின்னியது.

அவர் எழுதின எதுவும் தெரியவில்லை.

போன் அடித்தது.

“அப்பா.”

வாயைத் திறந்தார். சாப்பிட்டியா என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கையில் இருந்த சுருளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

“அப்பா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேம்மா.”

“ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க? உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். நீ சொல்லு.”

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பக்கமும் பேச்சு இல்லை. ஏகாம்பரத்துக்குப் பழைய பயம் வந்தது. காலி அறையில் நிற்பது போலவே இருந்தது. எதையாவது கொண்டுபோய் அங்கே வைக்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சுகந்தி மூச்சு விடுவது கேட்டது. அங்கே எங்கேயோ ஒரு கோழி கொக்கரிப்பது கேட்டது. ஒரு நிமிஷம் ஆனது. ஒன்றரை நிமிஷம் ஆனது. லைன் கட்டாகவில்லை.

“அப்பா,” என்றாள். குரல் சின்னப் பெண் குரல் போல ஆகியிருந்தது. “அம்மா கடைசியா எங்கிட்ட என்னா சொன்னாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையேப்பா.”

ஏகாம்பரத்தின் கையிலிருந்து சுருள் நழுவிக் கீழே விழுந்தது.

“என்னாம்மா சொன்னா?”

“‘உங்கப்பாவுக்கு பயம் வந்தா பேச்சுதான் வரும். பேசிக்கினே இருப்பாரு. கோச்சுக்காத. அவரு பேசி முடிக்கிற வரைக்கும் கூட இரு’ன்னாங்க.”

“தாங்க முடியாம வாரா வாரம் நான்தான்பா கட் பண்ணிக்கினு இருந்தேன்.” மூக்கை உறிஞ்சினாள்.

“பதினோரு மாசமாக் காத்துக்கினு இருக்கேம்பா.”